நாற்பது வருஷ ஜீப், நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்

பழைய ஜீப் விற்பனைக்கு என்று வருகிற விளம்பரங்களை இனி வாசிப்பதே இல்லை என்று முடிவெடுக்கலாம் போலிருக்கிறது. 1981 மொடல், ஃபோர் டீஆர் ஃபைவ் எஞ்சின், தோட்டத்தில் ஓடியது, மைலேஜ் 41,000. எழுதியவருக்கும் சிரிப்பு வரவில்லை, அச்சடித்தவருக்கும் வரவில்லை. தோட்டத்து ஜீப்புக்கு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர், வருஷத்தில் முந்நூறு நாள் என்று குறைத்தே போடுங்கள். வருஷத்துக்கு 12,000, நாற்பது வருஷத்துக்கு 480,000. ஐந்து இலக்க மீட்டர் 99,999ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வரும். நாலு தரம் சுற்றிவிட்டு 41,000இல் நிற்கிறதென்றால் உண்மைத் தூரம் 441,000. சுற்றவே இல்லையென்றால் அந்த மீட்டர் நாலாம் வருஷமே கண்ணை மூடிவிட்டது. அப்படிப் பார்த்தால் விளம்பரம் பொய் சொல்லவில்லை, மீட்டரின் ஆயுளைத்தான் சொல்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் ருவான்வெல்லையிலிருந்து தெரணியகலை வரைக்கும் கொட்டிலில் துருவேறிக் கிடந்ததெல்லாம் தேருக்கு வந்த சாமி மாதிரி மினுமினுத்துக்கொண்டு வெளியே வந்தது. எல்லாவற்றுக்கும் மைலேஜ் குறைவு.

மீட்டரைச் சுற்றும் கியரின் பல் உடைந்துதான் மீட்டர் நிற்கிறது, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ட்ரான்ஸ்பர் கேஸின் பின்பக்க ஷாஃப்டில் உள்ள கியர் ஒரு சின்னப் பினியனைச் சுற்றுகிறது, பினியன் கேபிளைச் சுற்றுகிறது, கேபிளின் மறுமுனையில் மீட்டருக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. காந்தம் முள்ளைத் தொடுவதே இல்லை. பக்கத்து அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கி அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. ஒரு மெல்லிய சுருள்வில் விடமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் ராசியான இடத்தில் முள் நிற்கிறது. பெர்லினில் ஒட்டோ ஷூல்ட்ஸே 1902இல் காப்புரிமை எடுத்த வேலை. ஜப்பான் மீட்டர் என்றால் பெரும்பாலும் கிலோமீட்டருக்கு 637 சுற்று. இத்தனை நுட்பத்துக்கும் அடியில் பல வாகனங்களில் இருப்பது ஒரு நைலோன் பினியன். வயதானால் அது நொறுங்கும். கேபிளில் கிறீஸ் காய்ந்து இறுகினாலும் முதலில் போவது அதன் பல்தான். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம், கிடைக்காவிட்டால் லேத்காரர் வெட்டித் தருவார். இவ்வளவு லேசான வேலை ஏன் நடப்பதில்லை என்பதல்லவா கேள்வி? சோம்பல் என்பார்கள். அதே ஜீப்பில் ஹோர்ன் அடிக்காவிட்டால் அன்றைக்கே செய்துவிடுகிறோமே! மீட்டர் நிற்பதால் எல்லாருக்கும் லாபம், அதனால்தான் அது நிற்கிறது.

இதற்கு முதல் சாட்சி ரன்னிங் சார்ட். புறப்படும்போது மீட்டர் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு, போன இடம், போன காரணம், அடித்த டீசல். மீட்டர் ஓடினால் இது கணக்கு, நின்றுவிட்டால் இலக்கியம். டாஷ்போர்டில் எண் உறைந்து கிடக்கிறது, சார்ட்டில் ஒரு நாளும் சோர்வதில்லை. ருவான்வெல்லைக் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் வெயிலில் பதினாறு, மழையில் பத்தொன்பது, மாதக் கடைசியில் இருபத்திரண்டு. ரப்பர் பால் ஏற்றினால் தூரம் கூடும். துரை கூட வந்தால் குறையும். குருகொட ஓயா பெருகி ஒரு நாள் பாதையை மூடினால், சுற்றிப்போன கணக்கில் அந்த மாதம் முழுவதும் வெள்ளம் வடியாது. ட்ரைவர் மாறுவார், நடை மாறாது. பழையவர் விட்ட வரியில் புதியவர் தொடங்குகிறார், தலைமுறை தலைமுறையாக வளர்கிற காவியத்தில் ஆசிரியர் பெயர் எதற்கு? ஆபீசில் கிளாக்கர் கூட்டலைப் பார்க்கிறார், கூட்டல் சரி. ஓடிட் வருகிறது, வரிக்கு வரி சரி அடையாளம் விழுகிறது. பத்தடி தள்ளி ஷெட்டில் நிற்கிற ஜீப்பின் கதவைத் திறந்து எட்டிப்பார்க்கிறவரை மட்டும் காணோம். லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்தும் பார்க்கிறார்கள். எப்போதும் ஒன்பது. மேட்டில் ஒன்பது, பள்ளத்தில் ஒன்பது, கியர்பொக்ஸ் இறக்கிவைத்து ஜீப் அசையாமல் கிடந்த மாதத்திலும் ஒன்பது. இவ்வளவு நிதானமான எஞ்சினை ஜப்பான்காரன் செய்யவில்லை, நம்முடைய பேனைதான் செய்தது. 2022இல் கியூஆர் காட்டி, கிழமைக்கு இத்தனை லீட்டர் என்று அளந்து வாங்கிய காலத்திலாவது ஒரு லீட்டர் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்க வேண்டும். மீட்டரைச் செய்ய கராஜில் வரிசை நின்றதாகத் தெரியவில்லை. வரிசையெல்லாம் ஷெட்டுக்குத்தான், பெற்றோல் ஷெட்டுக்கு.

கரவனல்லையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் நாற்பதே அதிகம், முள் எதற்கு என்பார்கள். முள் வேண்டாம், சரி. எண் சக்கரத்தைச் சுற்றுவதும் அதே பல்தானே? ஓயில் மாற்றுவது எதை வைத்து? கறுத்தால் மாற்றுவோம் என்பது பதில். டீசல் எஞ்சினில் புது ஓயில் மறுநாளே கறுக்கிறது. ஃபோனில் எல்லாம் வருகிறதே என்பது அடுத்தது. ஃபோன் எண்ணுவது ஃபோன் போன தூரத்தை. அது பஸ்ஸிலும் போகும், தேத்தண்ணிக் கடைக்கும் போகும். ஜீப்பை விற்கும்போது ஃபோனையும் சேர்த்தா கொடுக்கப் போகிறீர்கள்? பெரிய டயர்க்காரர்களின் வாதம் இன்னும் அழகு: எப்படியும் பிழையாகத்தான் காட்டும், பிறகு ஏன் செய்வது? 28 அங்குல டயரைக் கழற்றி 31 போட்டால், மீட்டர் 70 காட்டும்போது ஜீப் 77ஐத் தாண்டிப் போகிறது என்பது உண்மைதான். ஊருக்கு வெளியே சட்டம் 70. அவிசாவளைப் பக்கம் ரேடாரோடு நிற்கிற பொலிஸ்காரரிடம் டயர் அங்குலத்தை விளக்கிப் பிரயோசனமில்லை. ஆனால் இதற்கும் மருந்து அந்தப் பினியன்தான். பல் எண்ணிக்கை குறைந்த ஒன்றைப் போட்டால் கேபிள் வேகமாகச் சுற்றும், கணக்கு நேராகும். பத்து வீதம் பிழையாகக் காட்டும் மீட்டரை வைத்தாவது மிச்சத்தைக் கணக்குப் பார்க்கலாம், ஒன்றுமே காட்டாததை வைத்து விளம்பரம் மட்டும்தான் எழுதலாம்.

விற்கிறவர்களைத் திருத்துவது நடக்கிற காரியம் இல்லை. வாங்கப் போகிறவர்கள் மீட்டரைத் துணியால் மூடிவிட்டு கிளச் பெடலின் ரப்பரைப் பாருங்கள், ட்ரைவர் சீட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள், ஸ்டியரிங்கில் கை பிடிக்கிற இடத்தைத் தடவிப் பாருங்கள். 41,000 ஓடிய ஜீப்பில் பெடல் ரப்பரின் வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். வரி தேய்ந்து இரும்பு மினுங்கினால் பாதி விலையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.