வரலாம்... வரலாம்... ஆங்!

நேற்று எருக்குழி வாரினோம். வாரியவன் நான் ஒருவன். மீதி ஆறு பேர் பார்த்தவர்கள்.

முன்னால் பக்கெட் வைத்த குட்டி டிராக்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் இந்த ஆறு பேர் கணக்கைத் தீர்த்துவிட்டு வருகிறேன்.

வண்டி பின்னால் வந்தால் போதும், நம் ஆட்களுக்குக் கை தானாக எழும்பிவிடும். "வரலாம்... வரலாம்..." சைக்கிளே ஓட்டத் தெரியாத என் சின்ன மாமனார், "ஒடிங்க மாப்ள, ஃபுல்லா ஒடிங்க" என்கிறார். எந்தப் பக்கம்? "சோத்தாங்கைப் பக்கம்!" யாருடைய சோத்தாங்கை? அவர் எனக்கு எதிரே நிற்கிறார். பால்காரர் பைக்கை நிறுத்தாமலே ஒரு "வரலாம்" போட்டுவிட்டுப் போகிறார். அவர் போனபிறகும் நான் வந்துகொண்டிருக்கிறேன். எதிலாவது இடிக்கும்வரை "வரலாம்". இடித்தபிறகு "ஆங்!" இரண்டுக்கும் நடுவில் நம்மிடம் வார்த்தையே கிடையாது. மேற்குத் தோட்டத்துக்காரர் "வா, வா, நேரா வா" என்றார். நேராகப் போய்ச் சொட்டுநீர்க் குழாய்மேல் ஏற்றினேன். மனிதர் போனில் மருமகனைக் கூப்பிட்டிருக்கிறார். மரியாதை குறைகிறதே என்றாவது நான் யோசித்திருக்கலாம்.

டிராக்டருக்கு வருகிறேன். எங்கள் ஆனைமலைப் பக்கம் தென்னைக்குத் தென்னை 25 அடி. குட்டி வண்டி தாராளமாகப் புகுந்து வரும். வாங்கும்போது ஊரே கேட்டது ஒன்றுதான்: "எத்தனை எச்.பி.?" கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்பார்களே, அந்த மாதிரி. பக்கெட் எத்தனை கிலோ தூக்கும், முன் ஆக்சில் அதைத் தாங்குமா என்று ஒருத்தர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஃபோர் வீல் டிரைவ் காசுக்குத் தண்டம் என்றவர் சின்ன மாமனார்.

நேற்று ஈரச் சாணியை முட்ட அள்ளி, பக்கெட்டைத் தலைக்குமேல் தூக்கினேன். பாரம் முழுக்க முன்னால் போனது. பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்து சும்மா சுற்றின. வயிற்றுக்குள் என்னவோ செய்தது. லிவரைத் தள்ளி பக்கெட்டை இறக்கியதும் பின்பக்கம் தொம்மென்று உட்கார்ந்தது. பின்னால் ரோட்டவேட்டர் மாட்டியிருந்தால் அதன் கனமே பிடித்து நிறுத்தியிருக்கும். காலையில் அதைக் கழற்றச் சொன்னவரும் அவர்தான். "வெறும் வண்டின்னா லேசாத் திரும்பும் மாப்ள."

முன்சக்கரம் எருவில் புதைந்துவிட்டது. "ஆளுக்கொரு மண்வெட்டி எடுங்க" என்றேன். குழிமேட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. சின்ன மாமனார் மட்டும் நின்றார். வண்டியை அணைத்துவிட்டு, மண்வெட்டியோடு நானே குழிக்குள் இறங்கினேன்.

அவர் கை எழும்பியது.

"வரலாம்... வரலாம்... கொஞ்சம் ஒடிங்க மாப்ள..."