விளக்குப் போட அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்
(வீட்டுக்கு உரிமையாளர், விளக்குகளைப் பொறுத்தவரை 'உறுப்பினர்' மட்டும்),
பாளையங்கோட்டை.

பெறுநர்
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
ஸ்மார்ட் சுவிட்ச் தயாரிக்கும் நிறுவனம்,
மேகத்தில் எங்கோ.

பொருள்: எண்பத்து நான்கு வயது மூதாட்டி ஒருவர் விடியற்காலையில் குளியலறை விளக்கைப் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பெட்டியில் இருந்த கையேடு (எறும்பு எழுத்து, பல மொழிகள், தமிழ் இல்லை). 2. சென்ற வாரம் இரவு 2.10 மணிக்கு என் வீட்டில் கேட்பாரின்றி எரிந்த ஒன்பது விளக்குகள்.

ஐயா,

வணக்கம். விண்ணப்பம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. முப்பத்தோரு வருடப் பள்ளிக்கூட வேலையில் விடுப்புக்கு, சம்பள நிலுவைக்கு, ஆய்வகத்துக்கு இரண்டு வோல்ட்மீட்டர் வேண்டி என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். சொந்த வீட்டில் விளக்குப் போட அனுமதி கேட்டு எழுதுவது இதுவே முதல் தடவை. நடையில் குற்றம் இருந்தால் பொறுத்தருள்க.

டல்லாஸில் இருக்கும் என் மகன் போன மே மாதம் ஊருக்கு வந்தான். வந்த மூன்றாம் நாளே தங்கள் சரக்கை ஆன்லைனில் வரவழைத்துவிட்டான். கண்ணாடிப் பலகைகளும், சுவருக்குள் ஒளித்துவைக்கும் குட்டிப் பெட்டிகளுமாகப் பன்னிரண்டு உருப்படி. "இனிமே லைட்டு போட நீங்க எழுந்திரிச்சே போக வேண்டாம்பா" என்றான். ஓய்வுபெற்ற நாளிலிருந்து நான் எழுந்து போவதே லைட்டுப் போடத்தான் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

எலக்ட்ரீஷியன் தம்பி பழைய போர்டைக் கழற்றி, டெஸ்டரை வைத்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். "சார்வாள், இதுல நியூட்ரலே கெடையாதே. பேஸு வருது, பேஸு போவுது. அம்புட்டுதான்."

உண்மைதான். 1988-இல் கட்டிய வீடு. பேஸ் வயரைச் சுவிட்ச் வரை கொண்டுவந்து, சேர்த்தால் எரியும், பிரித்தால் நிற்கும் என்று விட்டிருந்தார்கள். நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். சுவிட்சுக்கு அதனிடம் ஒரு ஜோலியும் இல்லை. பழைய சுவிட்ச் வாசல்கதவு மாதிரி. கதவுக்கு யாரும் சோறு போடுவதில்லை. தங்களுடையது ரேடியோவும் மூளையும் வைத்த வாயிற்காவலர். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அவர் பசியாற வேண்டும், அதற்குத்தான் நியூட்ரல். பிளக் பாயின்ட் இருந்த போர்டுகளில் கிடைத்தது. மற்ற இடங்களில் பைப்புக்குள் இன்னொரு வயர் நுழைய இடமில்லாமல் சுவரை வெட்டினோம். வீட்டுக்குப் போன பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்திருந்தேன் என்பதைத் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மாடிப்படிக்கு மட்டும் நியூட்ரல் இல்லாமலே பிழைக்கிற வகையை வாங்கினான். அது தனக்கு வேண்டியதை விளக்கின் வழியாகவே சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொள்ளும். பழைய குண்டு பல்பு அந்தச் சொட்டைக் கண்டுகொள்ளாது. எல்.இ.டி. பல்புக்கோ அதுவே போதும். அணைத்த பிறகும் இரவெல்லாம் மின்மினி மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு கெப்பாசிட்டர் போட்ட பிறகுதான் அடங்கிற்று. படிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இருந்த டூவே சுவிட்சில், மேலே இருந்தது அன்றோடு உயிரை விட்டது. இப்போது கீழே விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறலாம். அணைக்க இறங்கி வர வேண்டும். அணைத்துவிட்டு இருட்டில் மறுபடி ஏறலாம்.

பிறகு செயலி. என் இருப்பிடம் அதற்குத் தெரிந்தாக வேண்டுமாம். சுவிட்ச் சுவரில் இருக்கிறது, நான் அதன் முன்னால் நிற்கிறேன். இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? அடுத்தது வைஃபை. தங்கள் சுவிட்சுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் காது கேட்கும். போன் 5-இல் நின்றுகொண்டு கூப்பிட்டால் கேட்காது. (குறைந்த அதிர்வெண் சுவரைத் தாண்டி நன்றாகப் போகும் என்பதால் இந்த ஒரு முடிவில் தங்களோடு உடன்படுகிறேன்.) மோடத்தில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர். அப்பனும் மகனுமாக ஒரு மத்தியானம் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்து நின்றோம்.

கணக்கை மகன் தன் பெயரில் திறந்தான். அவன் 'உரிமையாளர்'. என்னை 'உறுப்பினர்' ஆகச் சேர்த்தான். என் மனைவிக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறான், அவள் இன்னும் ஏற்கவில்லை. என் தாயாரிடம் போன் கிடையாது. ஆகவே தங்கள் ஏட்டின்படி அவர் இந்த வீட்டிலேயே இல்லை. பத்திரம் என் பெயரில், வீட்டுத் தீர்வை என் பெயரில், கரண்டு பில் என் பெயரில். வெளிச்சம் மட்டும் மகன் பெயரில்.

அவன் விமானம் ஏறிய பிறகு ஆரம்பித்தது கூத்து. வாசல் விளக்கு அந்தியில் எரிந்து விடியலில் அணைய வேண்டும் என்பது ஏற்பாடு. அது தினமும் காலை ஏழு மணி வாக்கில், வெயில் சுள்ளென்று ஏறும் நேரத்தில், எரியத் தொடங்கிற்று. சாயங்காலம் ஐந்து அடிக்கச் சற்று முன்னால், இருட்டப் போகிறதே என்று நாம் நினைக்கும்போது, அணைந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "என்ன சார்வாள், பகல்விளக்கு ஏதும் நேர்ச்சையா?" என்று கேட்டேவிட்டார். நான்கு நாள் நோட்டில் நேரம் குறித்துப் பார்த்தபின்தான் புரிந்தது. கணக்கில் 'வீடு' என்று மகன் குறித்திருந்தது டல்லாஸ் வீட்டை. அங்கே ஜூன் மாதம் சூரியன் மறைவது இரவு எட்டரை தாண்டி. அப்போது நமக்குக் காலை ஏழு. அங்கே ஆறேகாலுக்கு விடியும்போது நமக்கு மாலை நாலேமுக்கால். தங்கள் சுவிட்சில் ஒரு குற்றமும் இல்லை ஐயா. டெக்சாஸ் மாகாணத்தின் இருளை அது பாளையங்கோட்டையில் நின்று நாள் தவறாமல் போக்கிக்கொண்டிருந்தது.

இனி பொருளுக்கு வருகிறேன். தங்கள் கண்ணாடிப் பலகையில் அமுக்குவதற்கு ஒன்றும் இல்லை. விரல் நெருங்கும்போது மாறும் மின்தேக்குத்திறனை உணர்ந்துதான் அது வேலை செய்கிறது. என் தாயாருடையது அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அறுபது வருடம் தேய்ந்த விரல். காய்ந்த பனங்கிழங்கு போல இருக்கும். அவர் தொட்டால் தங்கள் பலகைக்குத் தெரிவதில்லை. நான்கு தரம் தட்டுகிறார். ஐந்தாம் தரம் குத்துகிறார். ஆறாம் தரம் என்னைக் கூப்பிடுகிறார்.

ஆனால் அதே பலகையில் பல்லி ஏறினால் எரிகிறது. பல்லி தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. டச் சுவிட்சில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. எங்கள் அனுபவத்தில், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன். ஆயுத பூஜையன்று மனைவி வழக்கம்போல சுவிட்ச் பலகைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஈரச் சந்தனம் பட்டதும் ஹால் முழுக்கக் கண்திறந்தது. "சரஸ்வதி வந்துட்டா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் மனைவி ஒரு காரியம் செய்தாள்: பலகையில் உள்ள நான்கு தொடுபுள்ளிகளில் சமையலறை விளக்குக்கான புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். வேலைக்கு வருகிற அக்கா இருட்டில் தடவிக் கண்டுபிடிப்பதற்கு. தங்கள் ஆராய்ச்சிப் பிரிவு விரும்பினால் இந்த மேம்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்.

கையால் முடியாவிட்டால் வாயால் சொல்லலாமே என்று மகன் ஒரு பேசும் ஸ்பீக்கரையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்றால் போதும். என் தாயாருக்கோ சிக்கல் மொழியில் மட்டுமல்ல. விளக்கு வைத்த வீட்டில் 'அணை' என்று சொல்லக்கூடாது. 'அமர்த்து' என்பார், இல்லாவிட்டால் 'குளிர வை'. திரி தானாக அவிந்தால்கூட 'மலையேறிட்டு' என்றுதான் சொல்வார். "ஏளா, வெளக்க அமத்து தாயி" என்று அவர் ஸ்பீக்கரிடம் தணிந்த குரலில் சொல்ல, "ஸாரி, ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்றது அது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாவம், யார் பெத்த பிள்ளையோ, ராப்பகலா நிக்கா. சாப்பிட்டாளான்னு கேளு."

கணக்கு வாத்தியார்களோடு பழகிய தோஷம், ஒரு கணக்கும் போட்டுவிட்டேன். எங்கள் ஹால் பல்பு 9 வாட். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 45 வாட்-மணி. அதைக் காக்கும் தங்கள் சுவிட்ச், கையேட்டின்படி, சும்மா விழித்திருக்க 1 வாட் எடுக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 24 வாட்-மணி. விளக்குச் சாப்பிடுவதில் பாதிக்குமேல் சுவிட்ச் சாப்பிடுகிறது. பன்னிரண்டு உருப்படிக்கும் இரண்டு மாதத்துக்குப் பதினேழு யூனிட்டுக்கு மேல். இங்கே அரசு 2016-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தது. அதில் ஆறில் ஒரு பங்கைத் தங்கள் காவலர்கள் சம்பளமாக எடுத்துக்கொள்கிறார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்று பெட்டியின் மேல் பச்சை இலை படம் போட்டிருந்தீர்கள். அந்த இலை யாருடையது என்று தெரியவில்லை.

கரண்டு போனால் இன்னும் விசேஷம். இன்வெர்ட்டரில் படுக்கையறை விளக்கும் ஃபேனும் ஓடும். மோடம் அதில் இல்லை. ஆகவே போனும் ஸ்பீக்கரும் ஊமையாகிவிடும். கரண்டு திரும்பி வரும்போது, போவதற்கு முன்னால் விளக்கு எரிந்ததா அணைந்திருந்ததா என்பது தங்கள் சுவிட்சுக்கு மறந்துபோகிறது. சந்தேகத்தின் பலனை வெளிச்சத்துக்குத் தந்துவிடுகிறது. பார்வை 2-இல் கண்ட இரவு 2.10 சம்பவம் இதுதான். மனைவி எல்லா அறைக்கும் திருநீறு போட்டாள்.

மறக்கத் தெரியாத சுவிட்சும் ஒன்று உண்டு. 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்ற பொறியாளர் ஒரு சுவிட்ச் செய்தார். அதற்கு முன்பிருந்த சுவிட்சுகளை மெல்லப் பிரித்தால் முனைகளுக்கிடையே தீப்பொறி நீண்டு உலோகத்தைத் தின்றுவிடும். ஹோம்ஸ் உள்ளே ஒரு ஸ்பிரிங் அமைப்பை வைத்தார்: விரல் எவ்வளவு சோம்பலாக அசைந்தாலும் முனைகள் வெடுக்கென்று பிரியும். 'டக்' என்ற சத்தம் அந்த வெடுக்கின் சத்தம். வகுப்பில் இதை நடத்தும்போது கடைசிப் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அந்தச் சுவிட்சுக்குப் பாஸ்வேர்டு இல்லை, அப்டேட் இல்லை. முதல்முறை வீட்டுக்கு வருகிற சம்பந்தியும் பக்கத்து வீட்டுப் பொடியனும் கேட்காமல் போடலாம். யாரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டியதில்லை.

தங்கள் குலத்தின் வரலாற்றையும் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் ரிவால்வ் என்றொரு பெட்டி. வீட்டு விளக்குகளையெல்லாம் கட்டியாளும், வாழ்நாள் சந்தா உள்ளடக்கம் என்று விற்றார்கள். நெஸ்ட் நிறுவனம் அதை 2014-இல் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்த, பெட்டி வெறும் பெட்டி ஆனது. வாழ்நாள் என்று எழுதியவர்கள் யாருடைய வாழ்நாள் என்று எழுதவில்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. செயலியைத் திறந்து பார்த்துத்தான் வாடிக்கையாளர்களுக்கே விஷயம் தெரிந்தது. தங்களுக்கு அப்படி ஒன்றும் நேராமல் நெல்லையப்பர் காக்கட்டும். நேர்ந்தால், சாவுச் செய்தியை முதல்நாளே சொல்லி அனுப்பவும்.

பிடுங்கி எறிய வேண்டியதுதானே என்பீர்கள். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இரவு ஒன்பது மணி வாக்கில், அங்கே ஆபீசில் காப்பி குடிக்கும் நேரத்தில், மகன் எங்கள் ஹால் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுகிறான். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு பல்பை நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியா எய்யா?" என்று கேட்கிறார். பதில் வராது. வந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் படுக்கப் போகிறார். ஹால் சுவிட்சை மட்டும் யாராலும் தொட முடியாது. ஆகவே இந்த விண்ணப்பம் குளியலறையைப் பற்றியது மட்டுமே.

கேட்பது அதிகமில்லை. என் தாயாரை இந்த வீட்டில் குடியிருப்பவராகத் தங்கள் ஏட்டில் பதிவுசெய்ய வேண்டும். அவர் விரலை விரலாக ஏற்க வேண்டும். பல்லியினுடையதை ஏற்கக் கூடாது. இரண்டும் முடியாதென்றால், அந்த ஒரு போர்டில் பழைய சுவிட்சைத் திரும்ப மாட்டிக்கொள்ள உரிமையாளரான என் மகனிடம் தாங்களே பரிந்துரைக்க வேண்டும். நான் சொன்னால், "அடுத்த அப்டேட்ல சரியாயிரும்பா" என்கிறான்.

அதுவரைக்கும் நாங்களே ஒரு மாற்று ஏற்பாடு செய்திருக்கிறோம். கழற்றிய கறுப்புச் சுவிட்சுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். அம்மா அதில் ஒன்றை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். வயர் ஏதும் இல்லை, வெறும் சுவிட்ச். விடியற்காலையில் எழுந்தால் அதை 'டக்' என்று போடுவார். சத்தம் கேட்டு நான் எழுந்து, கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, செயலியைத் திறந்து, சுற்றுகிற வட்டம் நிற்கும்வரை காத்திருந்து, குளியலறை விளக்கைப் போடுவேன். அம்மாவைப் பொறுத்தவரை அந்தச் சுவிட்ச் நன்றாகவே வேலை செய்கிறது. கொஞ்சம் தாமதமாக எரிகிறது என்பதைத் தவிர அதன்மேல் அவருக்குப் புகார் இல்லை.

இப்போது மணி நாலேகால். இத்துடன் பழைய சுவிட்ச் ஒன்றை மாதிரிக்காக இணைத்து அனுப்பலாம் என்று டின்னை எடுத்தேன். அதற்குள்

டக்.

மன்னிக்கவும், போன் எங்கே என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உறுப்பினர்.