முப்பது காப்பி, மூணாம் பதிப்பு

வாப்பா தம்பி, திண்ணையில உக்காரு. உன் நாவல் வருதுன்னு வில்லியனூர் வரைக்கும் சேதி வந்துடுச்சி. சந்தோசம். எத்தினி காப்பி போடறாங்க? முப்பதா? அதான பார்த்தன்! மாசக் கடைசியில மூணாம் பதிப்புன்னு பேஸ்புக்ல எழுதியிருந்தியே, எப்படிடா முடியும்னு யோசிச்சிக்கினு இருந்தன். நந்தனம் புத்தகக் கண்காட்சியில பேனர் கட்ட நல்லாத்தான் இருக்கும். ஒரு பதிப்புன்னா எத்தினின்னு எவன் கேக்கப் போறான்?

கிண்டல் பண்றன்னு நினைக்காத. கேக்கறப்ப கேட்ட அளவு மட்டும் அடிச்சிக் குடுக்கற பிரிண்ட் ஆன் டிமாண்ட் நல்ல மிஷின்தான். முன்னெல்லாம் ஆயிரம் அடிச்சி, எண்ணூறைப் பரண்ல கட்டி வெச்சி, பெண்டாட்டிகிட்ட பேச்சு வாங்கினாங்க. இப்ப கரையானுக்குத்தான் நட்டம்.

காப்பி கணக்குன்னதும் ஞாபகம் வருது, நம்ம ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல பாரதியார் வீடு இருக்குதே, உள்ள போயிருக்கியா? செல்ஃபி எடுத்திருப்ப. வெள்ளைக்காரன் கைக்குச் சிக்காம 1908-லேர்ந்து பத்து வருசம் இந்தப் புதுச்சேரியிலதான் இருந்தாரு. அப்புறம் 1920-ல கடையத்துல உக்காந்துக்கினு ஒரு திட்டம் போட்டாரு பாரு. எழுதினதையெல்லாம் 40 புத்தகமாக்கணும், ஒவ்வொண்ணும் 10,000 காப்பி. பெருக்கிப் பாரு, நாலு லட்சம்! தீப்பெட்டி மண்ணெண்ணெயை விட வேகமா வித்துடும்னு நம்பி, கடன் குடுங்கன்னு நண்பருங்களுக்குக் கடிதாசி போட்டாரு. திட்டம் கைகூடல. மறுவருசம் செப்டம்பர்ல போய்ச் சேர்ந்துட்டாரு. உன் சாமர்த்தியம் அவருக்கு இல்ல, விடு.

ஆனா கூத்தே அவரு செத்தப்புறம்தான். உரிமை கைமாறிக் கைமாறி, இசைத்தட்டுல பாட்டைப் பதிக்கிற உரிமை ஒரு வியாபாரிகிட்ட போயி, அங்கேர்ந்து சினிமாக்காரர் ஏவி.எம். செட்டியார்கிட்ட வந்துது. 1948-ல டி.கே.எஸ். சகோதரருங்க 'பில்ஹணன்' படத்துல பாரதி பாட்டை வெச்சாங்க; உடனே செட்டியார் தரப்புலேர்ந்து வம்பு வந்துடுச்சி. ஊரே சத்தம் போட்ட பிறகு, 1949-ல அப்ப சென்னை மாகாணத்தை ஆண்ட திண்டிவனம் பக்கத்து மனுசன் ஓமந்தூராரோட சர்க்கார் உரிமையை வாங்கிச்சி. செட்டியாரு காசு வாங்காமலே குடுத்துட்டாரு. பின்னாடி பாட்டெல்லாம் சனங்களுக்கே பொதுவாச்சி. நாட்டுக்கே பாட்டு எழுதினவருக்கே அந்தக் கதின்னா, உனக்கு யாரு சத்தம் போடுவா? நானா?

பதிப்பகத்துல உன்கிட்ட ஒரு காகிதம் நீட்டினாங்களே, படிச்சியா? அட்டைப்படத்துக்கு மூணு ராத்திரி தூங்காதவன், ஒப்பந்தத்தைப் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு கையெழுத்து போடுவியாமே! சட்டம் உன் ஆயுசு முழுக்க, அதுக்கு மேல 60 வருசம், உரிமை உனக்கும் உன் வாரிசுக்கும்னு சொல்லுது. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாத்தையும் சேர்த்து 'சகல உரிமைகளும்'னு ஒரே வரியில முடிச்சிருந்தா பேனாவை மூடிடு. அதுவும் அச்சுக்கூலியை நீயே குடுக்கறப்ப அவங்களுக்கு எதுக்கு உரிமை? ராயல்டி பத்து சதவீதம்னு வாயால சொன்னா காபி குடிச்சிட்டுக் கெளம்பு. எத்தினி அடிச்சாங்க, எத்தினி வித்தாங்கன்னு வருசா வருசம் எழுத்துல வரணும்.

வாட்ஸப்ல பிடிஎஃப் சுத்துது, எழுத்தாளன் வயித்துல அடிக்கிறாங்கன்னு நீ போட்ட பதிவைப் படிச்சன். கண்ணுல தண்ணி வந்துடுச்சி. போன வாரம் பிரபஞ்சன் நாவலோட பிடிஎஃப் எனக்கு அனுப்பினது யாரு? நீதானே? அமெரிக்காவுல 2025-ல ஒரு செயற்கை நுண்ணறிவு கம்பெனி, திருட்டு நூலகத்துலேர்ந்து புத்தகம் இறக்கின வழக்குல 150 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டுது. உன்கிட்ட அவ்வளவு இருக்கா? இல்லன்னா அடுத்தவன் புத்தகத்தைக் காசு குடுத்து வாங்கிப் படி.

உன்னோடதையும் ஓசியில வாரி எறையாத. ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சந்தைக்கு வா, காட்டறன். 'பேரன்புடன்'னு பச்சை மையில கையெழுத்து போட்ட கவிதைப் புத்தகம், ஒட்டின பக்கம்கூட பிரியல, தரையில கெடக்குது, இருபது ரூவா. யாருக்குக் குடுத்தாருன்னு பேரும் அதுலயே இருக்குது. வெளியீட்டு விழாவுல அந்தப் புத்தகத்தை முக்கால் மணி நேரம் புகழ்ந்தவரு அந்தப் பேருக்காரருதான்.

எனக்கும் ஓசி வேணாம். முழு விலை குடுத்தே வாங்கிக்கறன். படிச்சியான்னு மட்டும் கேக்காத.