ஃபார்மட் சார்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் மட்டும் புழங்குகிறது. எங்கள் தெருவுக்கு அவர் ‘ஃபார்மட் சார்’. பையன்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். இப்போது முகத்துக்கு நேரேயே கூப்பிடுகிறார்கள், அவரும் கலைமாமணி வாங்கியவர் மாதிரி திரும்பிப் பார்க்கிறார்.

பிழைப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லாதவர். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறார். ஆனால் 2000 பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பத்திரிகைகள் கிலியூட்டிக்கொண்டிருந்த காலத்தில், குரோம்பேட்டையில் மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் நடந்த ஒரு சென்டரில் ஆறு மாதம் படித்தவர். டாஸ், லோட்டஸ், கொஞ்சம் கோபால். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போன தலைமுறை. அந்த பக்தி இன்னும் போகவில்லை. சிபியூவைத் தொடுமுன் சட்டைக் கையை மடித்துவிட்டு எங்கள் ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுக்கொள்வார். “உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் போகணும் சார்.” கம்பிக்கு மூன்று கோட் எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறோம். அதைத் தாண்டி எது எங்கே போகும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

துணிச்சல் வராததற்குக் காரணம், அவர் காசு வாங்குவதில்லை. கடையிலிருந்து வருகிற பையன் முந்நூறு ரூபாய் வாங்குகிறான் என்றால் அவனை முந்நூறு கேள்வி கேட்கலாம். சும்மா வருகிறவரை என்ன கேட்பது? ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு, சொந்த ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, நம் வீட்டுத் தூசியில் உட்கார்ந்து தும்முகிற மனிதர். அவர் எதைப் பிடுங்கினாலும் “பாவம், நமக்காகத்தானே” என்று நிற்க வேண்டியதுதான். அவருக்கு ஆகிற செலவெல்லாம் இரண்டு காபி, ஒரு தட்டு பஜ்ஜி. நமக்கு ஆகிற செலவு பிற்பாடு தெரியும்.

எங்கள் டெஸ்க்டாப் 2012இல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. அப்போதும் அவர்தான் கூட வந்தார். ஏழெட்டு வருஷம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலை ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் நான்கு வண்ண ஒளிப்பொட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து விண்டோஸ் கொடியாகச் சேர்ந்தன. சேர்ந்தவை அப்படியே நின்றன. கொடியேற்றத்தோடு திருவிழா முடிந்துவிட்டது. மவுஸ் அசையவில்லை, கீபோர்டில் விளக்கு மாறவில்லை. பவர் பட்டனை நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டால் மறுபடி அதே கொடி.

போன் செய்தேன். “கை வெக்காதீங்க, வரேன்” என்றார்.

வந்ததும் முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “இதுக்கு முன்னாடி யாரு சார் கை வெச்சது?” கொத்தனார், எலக்ட்ரீஷியன், பல் டாக்டர் எல்லோரும் கேட்பதுதான். ஆனால் இங்கே முன்னாடி கை வைத்தவரும் அவர்தான். “நீங்கதான்” என்றேன். “அதான் இத்தனை வருஷம் வந்திருக்கு” என்றார்.

காதைச் சிபியூவின் பக்கவாட்டில் வைத்து ஆன் செய்யச் சொன்னார். உள்ளேயிருந்து ‘பீப்’ என்று ஒரு சின்ன ஒலி. அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். ஆன் ஆனதும் இயந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், எல்லாம் சரியாக இருந்தால் ஒரு குட்டி பீப் கொடுக்கும். சோதனையை நடத்துகிற பயாஸ் அவார்ட் கம்பெனியுடையதாக இருந்தால், ஒரு நீளம், இரண்டு குட்டி என்றால் டிஸ்ப்ளேயில் கோளாறு. வேறு கம்பெனி பயாஸ் என்றால் பலன் மாறும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மாறுகிற மாதிரி. இதை அவர் சொல்லும்போது அம்மா பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கிறவளுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

ஒரு குட்டி பீப் என்றால் நல்ல சகுனம். அதாவது ரேம் சரியாக இருக்கிறது. இருந்தாலும் அவர் ரேமைத்தான் முதலில் கழற்றினார்.

ரேம் துடைப்பது அவருக்கு ஒரு பூஜை. பின்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்து, பக்கத்துத் தகட்டைத் தள்ளிக் கழற்றினார். உள்ளே ஃபேன் இறக்கைகளில் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. இரண்டு கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. ரேமின் இரு முனைகளிலும் இருக்கிற வெள்ளைக் கொக்கிகளை இரண்டு கட்டைவிரலால் ஒரே நேரத்தில் அழுத்தினார். அது பல் விழுகிற மாதிரி எழும்பி வந்தது. பையில் கையை விட்டு ரப்பரை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர்தான். தங்க நிறப் பற்களின் மேல் மெதுவாக, ஒரே திசையில், முன்பக்கமும் பின்பக்கமும் முப்பது தேய்ப்பு. ரப்பர் துகள் முழுவதும் மதர்போர்டின் மேல் உதிர்ந்தது. அதை வாயால் ஊதினார். காபி குடித்த வாய். ரேமைத் திரும்ப வைத்து அழுத்தினார். ‘டக்.’ அந்த ‘டக்’கைக் கேட்டதும் அவர் முகத்தில் வருகிற நிறைவு, கும்பாபிஷேகம் பார்த்தவர்கள் முகத்தில் வருவது.

ஆன் செய்தோம். பீப். நான்கு பொட்டு. கொடி. நின்றது.

“பேட்டரியா இருக்கும்.”

மதர்போர்டில் எட்டணா அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் தேதியையும் நேரத்தையும் மறக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் தான் பிறந்த வருஷத்துக்கே திரும்பிப் போய்விடும். சிஆர் 2032 என்று பேர். பேரிலேயே ஜாதகம் இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். எங்கள் தெருமுனை வாட்ச் கடையில் அட்டை அட்டையாகத் தொங்குகிறது. ஆனால் அதை வாங்க அவரும் நானும் எக்மோர் வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து ஆட்டோவில் ரிச்சி தெரு போனோம். “அங்க வாங்கினாதான் சார் நிக்கும்.” ஆட்டோ செலவில் பேட்டரி நாலைந்து வாங்கியிருக்கலாம். புதுசு போட்டதும் தேதி சரியாகக் காட்டியது. நல்ல நாள், நல்ல நேரம். கொடியில் நின்றது.

அடுத்த ஞாயிறு சேஃப் மோடு. எஃப்8 பட்டனை மிருதங்கம் வாசிக்கிற வேகத்தில் தட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாகக் கோப்புப் பெயர்கள் ஓடின. டாஸ் காலத்து ஆளுக்குக் கறுப்புத் திரையைப் பார்த்தால் சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினது போல. ஓடிய வரிசை ‘கிளாஸ்பிஎன்பி டாட் சிஸ்’ என்ற பெயரில் நின்றது. “மாட்டிக்கிட்டான்!” என்றார்.

அவன் மாட்டவில்லை. அந்தத் திரையில் கடைசியாகத் தெரிகிற பெயர், ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிட்ட கோப்பின் பெயர். கோளாறு செய்வது அதற்குப் பிறகு வர வேண்டியது. அதன் பெயர் திரையில் வராது. திருட்டு நடந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த பால்காரரைப் பிடித்துக்கொண்டு போகிற கதை. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பஜ்ஜி சூடாக இருந்தது.

“சரி சார்” என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இந்த இடத்துக்குத்தான் அவர் எந்த வழியாகப் போனாலும் வந்து சேருவார். பிரின்டரில் மை தீர்ந்தாலும் இங்கேதான் வருவார் என்று தெருவில் பேச்சு. “ஃபார்மட் போட்டுடலாம்.”

சிபியூவைத் தன் வீட்டுக்கே எடுத்துப்போகிறேன் என்றார். போகுமுன் தரவு விஷயத்தில் பொறுப்பாகக் கேட்கவும் செய்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன், அம்மாதான் கூடத்தில் இருந்தாள்.

“அம்மா, டெஸ்க்டாப்ல முக்கியமா ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லப்பா. இப்பத்தான் துடைச்சு வெச்சேன்.”

அக்கா பெண்ணின் வளைகாப்பு போட்டோக்கள் அத்தனையும் டெஸ்க்டாப்பில் இருந்தன. அம்மா மேஜையைச் சொன்னாள். அவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். சி டிரைவ் கழுவித் துடைத்த திண்ணை மாதிரி ஆகிவிட்டது. “நான் எத்தனை தரம் சொல்லியிருக்கேன், எதையும் டி-யில வைங்கன்னு” என்று என்னையே கடிந்துகொண்டார். டியும் அதே ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். திருடனுக்குப் பயந்து நகையை ஹாலிலிருந்து எடுத்து அதே வீட்டுச் சமையலறையில் ஒளித்து வைக்கிற யோசனைதான். ஆனால் ஃபார்மட் சார் மாதிரி ஆட்களிடமிருந்து அது காப்பாற்றும், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. “சார், பூ மாதிரி ஓடுது! பத்துத் தரம் ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்.” கொண்டு வந்து வைத்தார். எல்லா ஒயரையும் மாட்டி ஆன் செய்தார். பீப். பொட்டு. கொடி.

கூடத்தில் யாரும் பேசவில்லை. குக்கர் மட்டும் ஒரு விசில் விட்டது.

வேறொருவர் என்றால் அங்கே தோல்வியை ஒத்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தோல்வி கிடையாது. அங்கே ஓடியது, இங்கே ஓடவில்லை என்றால் கோளாறு ‘இங்கே’யில் இருக்கிறது. தர்க்கம் சரிதான், சொல்லப்போனால் அன்று அவர் செய்த ஒரே சரியான அனுமானம் அது. டெஸ்டரை எடுத்து பிளக் பாயின்ட்டின் ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பார்த்தார். எர்த் வீக் என்றார். வோல்டேஜ் எகிறுகிறது என்றார். கடைசியில் மேஜை இருந்த மூலையைப் பார்த்து நின்றார்.

“இது வாயு மூலை இல்ல சார்? கரண்ட் சம்பந்தப்பட்டது அக்னி மூலையிலதான் இருக்கணும்.”

கம்ப்யூட்டர் சென்டரில் கோபால் படித்தவர் வாயிலிருந்து இது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா எதிர்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். “நான் கிரகப்பிரவேசத்தன்னிக்கே சொன்னேன்” என்று மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டாள். ஒயரையெல்லாம் பிடுங்கி, மூன்று பேருமாக மேஜையை ஹாலின் குறுக்கே தென்கிழக்குக்கு இழுத்துப் போனோம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மாட்டினார். ஆன் செய்தார். பீப். பொட்டு. கொடி. ஒரு மூச்சு விடுகிற நேரம். நீலப் பின்னணியும் விண்டோஸ் சின்னமும் திரையில் விரிந்தன.

அம்மா கற்பூரம் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

உண்மை தெரிய நாலு மாதம் ஆனது. அக்கா பையன் வந்தவன் கேமரா கார்டைப் போட வேண்டும் என்று டிராயரைக் குடைந்து பழைய கார்டு ரீடரை எடுத்தான். பழைய இடத்தில் அது சிபியூவின் பின்பக்கம் நிரந்தரமாகச் செருகியே கிடந்தது. புது இடத்தில் ஒயர் எட்டவில்லை என்று அன்றைக்கு டிராயரில் போட்டிருந்தோம். அவன் குனிந்து அதைச் செருகிவிட்டு ஆன் செய்தான். கொடியில் நின்றது. பிடுங்கினான், ஓடியது. செருகினான், நின்றது. மூன்று தரம் செய்து பார்த்தோம். உயிர்போன கார்டு ரீடர் ஒன்று பதில் சொல்லும் என்று விண்டோஸ் அத்தனை நாளாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர் வீட்டில் ரீடர் இல்லை, அதனால் ஓடியது. ரேம், பேட்டரி, வளைகாப்பு எல்லாம் வீண் பலி.

தெருவில் பார்த்தபோது சொன்னேன். சிரித்துக்கொண்டார். “ரீடரும் ஒரு காரணமா இருக்கலாம் சார். ஆனா ரேம் செட் ஆகவும் நாள் எடுக்கும்ல?”

மேஜை அக்னி மூலையில்தான் இருக்கிறது. டிவியை மறைக்கிறது, நகர்த்த அம்மா விடமாட்டாள். சிபியூவின் பக்கத்துத் தகடும் இன்னும் மாட்டவில்லை. “மூடினா சூடாயிடும் சார்” என்று அவர் சொல்லிவிட்டுப் போனது. கழற்றியது இரண்டு ஸ்க்ரூ. குங்குமச் சிமிழில் ஐந்து இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் கொடியோடு நின்றால், உங்கள் தெருவின் ஃபார்மட் சாருக்கு போன் செய்யுமுன் கீபோர்டு, மவுஸ், மானிட்டர், பவர் ஒயர் தவிர பின்பக்கம் மாட்டியிருக்கிற அத்தனையையும் பிடுங்கிவிட்டு ஒரு தரம் ஆன் செய்து பாருங்கள். ஓடாவிட்டால் கூப்பிடுங்கள். கட்டாயம் வருவார். காபிக்குச் சர்க்கரை ஒன்றரை ஸ்பூன்.