டீசல் அம்பாசிடர்: டெல்டாவில் பராமரிக்கும் முறை

டீசல் அம்பாசிடர், மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார். ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி 1950களின் கடைசியில் வந்த உருவம், 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை பெரிதாக மாறவே இல்லை. 1980இல் இதற்கு 1,489 சிசி டீசல் என்ஜினைப் பொருத்தினார்கள். 37 குதிரைத்திறன். ஒரு டன்னைத் தாண்டும் வண்டி, பின்சீட்டில் நான்கு பெரியவர்கள், டிக்கியில் சீர்ப் பாத்திரங்கள்; இத்தனைக்கும் 37 குதிரை போதுமா என்ற கேள்வி மலைப்பக்கத்து ஊர்களில் எழலாம். திருவாரூர் வட்டாரத்தில் எழ வழியில்லை. இங்கே ஏறுவதற்கு மேடே கிடையாது.

மிராசுதார் வீடுகளில் இதுதான் சொகுசு கார். சொகுசைப் பின்சீட்டை வைத்தே அளந்தார்கள். வேட்டி கசங்காமல் ஏறலாம், தலை இடிக்காது, மனமிருந்தால் சம்மணமும் போடலாம். ஸ்டியரிங்கை ஒட்டிய கியரோடு மல்லுக்கட்டும் டிரைவரின் சொகுசு கணக்கில் சேராது.

பராமரிப்பு காலையில் ஸ்டார்ட் செய்வதிலிருந்து தொடங்குகிறது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட காற்று கொதித்துப்போக, அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. மார்கழிப் பனியில் அதற்கு மனம் வராது என்பதால் நான்கு ஹீட்டர் பிளக்குகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டு போய்விட்டால் வண்டி பாதி உயிரோடு குலுங்கி எழும். பேட்டரியும் இறங்கியிருந்தால் அதுவும் இல்லை. தள்ளத்தான் வேண்டும். மற்ற ஊர்களில் சரிவில் உருட்டி, செகண்ட் கியரில் கிளட்ச்சை விடுவார்கள். டெல்டாவில் சரிவு என்பது ஓடம்போக்கியாறு, வெட்டாறு, பாண்டவையாறு என்று ஆற்றுக்கு ஆறு இருக்கும் பாலத்தடியில் மட்டுமே உண்டு. அதுவும் இயற்கை தந்ததல்ல, நெடுஞ்சாலைத் துறை தந்தது.

ஒருமுறை ஓடத் தொடங்கிய என்ஜினுக்கு அதன் பிறகு மின்சாரம் தேவையில்லை. சாவியைத் திருப்பினாலும் நிற்காது; டீசலை அடைக்கும் ஸ்டாப் குமிழை இழுக்க வேண்டும். அதன் கேபிள் அறுந்திருந்தால், டாப் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சை விட்டு மூச்சடக்குவதே வழி. வீட்டு வாசலில் இதைச் செய்யும்போது உள்ளே இருப்பவர்கள் விருந்தாளி வந்துவிட்டதை அறிகிறார்கள்.

அடுத்தது ஏர் லாக். டீசல் தீரும்வரை ஓட்டினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். பிறகு டேங்க்கை நிரப்பினாலும் வண்டி அசையாது. வைத்தியம் எளிது. ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை பொங்கும். நுரை மெல்ல மெல்ல அடங்கி, குமிழி இல்லாத டீசல் நூல்போல வழியும்போது திருகை முடுக்கலாம். பிறகு நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

நகரத்தில் இதற்கு மெக்கானிக் வருவார். டெல்டாவில் மெக்கானிக் தேவைப்படுவதில்லை. ஆயில் என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர், டிராக்டர் ஓட்டியவர் யாராயினும் இதைச் செய்வார். நடுரோட்டில் நின்ற அம்பாசிடரைப் பார்த்து, வரப்பிலிருந்து ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வருவார். “டீசல் தீந்துபோச்சா?” என்று மட்டும் கேட்பார். இந்த வண்டி இங்கே இத்தனை காலம் நீடித்த ரகசியம் இதுதான்; அதன் வைத்தியம் வயலிலேயே கிடைக்கிறது. குறை ஒன்றே. ஐப்பசி, கார்த்திகையில் பயிர் மூழ்கினால் ஆயில் என்ஜின்கள் எல்லாம் வடிக்கப் போய்விடும், அவற்றோடு கையும் ஸ்பேனரும் போய்விடும். கார் தை மாதம் வரை காத்திருக்கலாம்; அதற்குச் சம்பா ஒன்றும் அழுகிவிடாது.

நோயை அறியப் புகையைப் பார்க்க வேண்டும். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், நாசில் ஒழுகும். நீலப்புகை என்றால் ரிங் தேய்ந்து என்ஜின் ஆயிலே எரிகிறது. வெண்புகை குளிரில் வந்து அடங்கினால் பயமில்லை. அடங்காமல் ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கெட் போயிருக்கலாம். மூன்றும் கலந்து வந்தால் வண்டிக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரியாது.

பம்ப் விஷயத்தில் மட்டும் வயல் அறிவு செல்லாது. நாசில்களுக்கு டீசல் அனுப்பும் ஃப்யூயல் பம்ப்பின் உள்பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. அதை வேப்பமரத்தடியில் கோணிச்சாக்கை விரித்துப் பிரிக்கக் கூடாது. டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்தில் கொடுத்து கேலிபரேஷன் செய்ய வேண்டும். பிரித்தவர்கள் உண்டு. திரும்பப் பூட்டியதும் இரண்டு சாமான் மீந்தது, வண்டி அப்படியும் ஓடியது என்று அவர்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

மாசி, பங்குனியில் ரோட்டில் உளுந்துச் செடியைக் காயப்போடுவார்கள். கார் ஏறினால் அவர்களுக்குப் போரடிக்கும் கூலி மிச்சம். காருக்கு அவ்வளவு லாபமில்லை. சுழலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கொடி சுற்றிக்கொள்ளும், சைலன்ஸர் சூட்டில் பற்றவும் கூடும். கடந்தவுடன் இறங்கிக் குனிந்து பார்த்துவிடுவது உத்தமம். அறுவடை முடிந்து ஷெட்டுக்குக் குடிவரும் எலிகள் ஒயரைக் கடிக்கும். துரு, நாகப்பட்டினத்துக் கடற்காற்றில் தானே வரும். டிங்கரிங் பட்டறைக்காரர் தட்டிப் பார்த்து, எது தகடு எது பட்டி என்று சொல்வார்.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். தண்ணீர் தேங்கிய ரோட்டைத் தாண்டியதும் லேசாக மிதித்து உலர்த்தாவிட்டால் பிடிக்காது. ஹேண்ட் பிரேக் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. ஆனாலும் முட்டுக்கட்டை போடுவதை யாரும் விடவில்லை. அந்தத் தேரில் வரும் தியாகராஜரே எடுத்துக்கொள்ளும் முன்னெச்சரிக்கை என்பதால், டிக்கியில் ஒரு கருங்கல் வைத்திருப்பது கௌரவக் குறைவாகாது.

உதிரிபாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை. புஷ் போன்றவற்றை உள்ளூர் லேத்திலேயே கடைந்துகொள்ளலாம். என்ஜினே போய்விட்டால் சிலர் பஜாஜ் டெம்போவின் என்ஜினை மாட்டினார்கள். அது பென்ஸ் உரிமத்தில் வந்த வகை. அதன் பின் உரிமையாளர் கல்யாண வீடுகளில், “உள்ள இருக்கிறது பென்ஸு” என்று தொடங்காமல் இலையில் உட்காருவதில்லை. ஆர்சி புத்தகத்திலும் அந்த மாற்றத்தைப் பதிந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பேச்சு பாயசத்துக்கு மாறும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கொருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. ஆய்வில் என்ஜின் நம்பரைக் கேட்பார்கள். அது பிளாக்கின் மேல், பல்லாண்டு கிரீஸுக்கு அடியில், பத்திரமாக இருக்கும். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு தேய்த்தால் தெரியும். தேய்ப்பதை ஒரு வாரம் முன்பே செய்துவிடுவது நல்லது. அன்று காலையில் செய்தால், அதுவரை அந்த அழுக்கே அடைத்து வைத்திருந்த ஆயில் கசிவு ஆய்வாளர் முன்னிலையில் தொடங்கும்.