லயத்தில் கடவுச்சொல் ஒத்திசைவு: அக்கரப்பத்தனையை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

ஒரே கடவுச்சொல் ஒரே குடும்பத்தில் ஐந்து விதமாக இருப்பது ஏன் என்ற கேள்வியை லயத்துப் படியேறி வந்து ஆராய்ந்தவர்கள் குறைவு. அக்குறையைப் போக்க, அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றின் ஒரு காம்பரா இங்கே ஆய்வுக்களமாகிறது. ஆய்வுக்குட்பட்ட கருவிகள்: கொழும்பில் புடவைக் கடையில் நிற்கும் மகனின் போன், பேராதனையில் படிக்கும் இளையவளின் மடிக்கணினி, குவைத்திலுள்ள மூத்தவளின் போன், திரை விரிசல் விட்ட அப்பாவின் போன், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். கடைசிக் கருவியை எள்ளுவோர் 2022 மார்ச் கடைசியை நினைக்கவும். நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாதபோது, பகலில் தங்குதடையின்றி இயங்கியது அது ஒன்றுதான்.

அடையாளச் சான்றைச் சுமந்து திரிவது மலையகத்துக்குப் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு எண் பொறித்த தகரவில்லை கொடுத்தார்கள். கழுத்தில் கிடப்பதை மறக்க வழியில்லை. அதோடு ‘துண்டு’ம் இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். பூட்டும் சாவியும் துரை கையிலேயே இருந்ததால் அக்காலத்தில் ஒத்திசைவுச் சிக்கல் எழவே இல்லை என்பதை நடுநிலையோடு பதிவுசெய்கிறோம்.

இக்காலத்துக்கு வருவோம். இளையவள் கொண்டுவந்த தீர்வு கீபாஸ். ஜெர்மனியின் டொமினிக் ரைக்ல் 2003இல் வெளியிட்ட இலவச மென்பொருள். எல்லாக் கடவுச்சொல்லும் பூட்டிய ஒரே கோப்பில் கிடக்கும்; அதைக் கூகுள் டிரைவில் போட்டால் எந்தக் கருவியிலும் திறக்கலாம். கோட்பாட்டில் குறையில்லை. சிக்னல்தான் கோயில் மேட்டில் மட்டும் இருக்கிறது. அப்பா லயத்தில் உட்கார்ந்து ஒரு கடவுச்சொல்லை மாற்றி எழுதினார். அன்று காலைதான் மகனும் கொழும்பில் அதே பதிவில் கைவைத்திருந்தான். அப்பா மேடேறியதும் கோப்பு இரண்டாயிற்று.

கீபாஸ் இரண்டையும் இணைக்கும்போது ஒவ்வொரு பதிவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தைப் பார்க்கும். பிந்தியது நிற்கும், முந்தியது வரலாற்றுப் பகுதிக்குப் போகும். ஆனால் பட்டரி செத்துப் பிழைக்கும்போதெல்லாம் அப்பாவின் போனில் தேதி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. எனவே மாலையில் அவர் எழுதியது, மகன் பள்ளிக்கூடம் போன காலத்துச் சங்கதியாகப் பதிவானது. தப்படித்து எழுப்பிய நாட்களில் லயம் முழுக்க ஒரே நேரம். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேரில்லை, அவ்வளவுதான். சர்வரோடு மணி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு தப்பு அளவுக்கு இன்னும் வளரவில்லை.

இரண்டில் எது நெசம்? கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மாவிடம் இவ்வினா வைக்கப்பட்டது. “இதுல என்னங்கய்யா ஆராய்ச்சி? நான் நெனைக்கிற கிலோ ஒண்ணு, தராசுக்கிட்ட எழுதுற கிலோ ஒண்ணு. தண்ணிக்கிக் கழிச்சி, சாக்குக்குக் கழிச்சி அவுங்க எழுதுறதுதான் நெசம்.”

கடைசியாக எழுதியவர் வெல்வார் என்பது கணினிக்காரர்களின் விதி. பேனா யார் கையிலோ அவர் வெல்வார் என்பது மலை விதி. வயதில் இதுவே மூத்தது. இவ்விடத்தில் கீபாஸுக்குச் சார்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோற்ற பதிவையும் அது தூக்கி எறியாமல் வைத்திருக்கிறது. அப்பா எழுதியதும் வரலாற்றுப் பகுதியில் பத்திரமாக இருந்தது. கழித்த கிலோவுக்குச் செக்றோலில் அப்படி ஒரு பகுதி இருந்திருந்தால் மலையகத்தின் தொழிற்சங்க வரலாறு பாதியாகச் சுருங்கியிருக்கும்.

எஞ்சுவது மாஸ்டர் பாஸ்வேர்ட். மறந்தால் ரைக்லே அக்கரப்பத்தனைக்கு வந்தாலும் திறக்க முடியாது என்பதால், அதை ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழும் ஈ.பி.எப். கடிதமும் இருக்கிற பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதம், ஈ.பி.எப்.பில் இன்னொரு விதம். அந்த இரண்டையும் இணைத்துத் தரும் மென்பொருள் உண்டா என்று அவர் கேட்டார். கச்சேரிக்குத்தான் போக வேண்டும், சத்தியக்கடதாசியோடு.