ஏ-9 கப்பல்களில் கேளிக்கை: ஒரு தரைவழி ஆய்வு

ஆய்வுக்குள் இறங்குமுன் கப்பல் என்றால் என்ன என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் மிதப்பது கப்பல் என்று அகராதி சொல்லும். தேங்காயும்தான் மிதக்கிறது. ஏறியவர் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பக்கத்தில் யார் இருப்பது என்பது அவர் கையில் இல்லை. என்ன பாட்டுப் போடுவது என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. காசு மட்டும் முன்கூட்டியே போய்விட்டது. இந்த நான்கு இலக்கணமும் எதற்குப் பொருந்துகிறதோ அதுதான் கப்பல். ஆகவே வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் யாழ்ப்பாணம் போகும் பஸ், ஐயத்துக்கு இடமின்றி, ஒரு கப்பல். வேண்டிய இடத்தில் இறங்கலாமே என்று வாதிடுபவர் இரவு பத்து மணிக்கு ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் நடுவில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து மறுப்புக் கட்டுரை எழுதலாம்.

ஏ-9 ஊடறுத்துப் போகும் வன்னியில் உண்மைக் கப்பலே இருந்ததில்லையா என்ற கேள்வி எழும். இருந்தது. பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டி, குடாநாட்டுப் பக்கம் கேரதீவு, இடையிலே கடலேரி. அதைக் கடத்தி விட்டதற்குப் பெயர் ‘பாதை’. வடக்கிலே பாதை என்றால் வழி மட்டுமல்ல, லொறியையும் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு நகரும் தட்டையான மிதவையும்தான். உலகத்தில் எத்தனையோ மொழிக்காரர் கப்பலுக்கு ராணி என்றும் இளவரசி என்றும் பெயர் வைத்தார்கள். கப்பலையே வழி என்று அழைத்த துணிச்சல் வடபகுதித் தமிழருக்கு உண்டு. அந்தப் பாதையில் கேளிக்கைத் தளம் ஒன்றே ஒன்று: வெறும் தட்டு. நிகழ்ச்சியும் ஒன்றே: முன்னால் நிற்கும் லொறி பிடித்துக்கொண்டு நிற்குமா, பின்னுக்கு உருளுமா என்று பார்த்துக்கொண்டிருப்பது. 1990 களின் போர் அந்தச் சேவையை நிறுத்தியது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளப் பாலம் திறந்தபோது முழுக் கடற்பயணமும் ஒரு நிமிடத்துக்குள் சுருங்கிப் போயிற்று. இப்போது பின்னேரங்களில் பாலத்தின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சூரியன் விழுவதைப் படம் எடுக்கிறார்கள். கப்பல் போய்விட்டாலும் மேல்தட்டு மிஞ்சியிருக்கிறது.

இன்னொரு கப்பலும் உண்டு. ஜோர்தானைச் சேர்ந்த ஃபரா-3 என்ற சரக்குக் கப்பல், இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசி கொண்டுபோகும் வழியில் இயந்திரம் பழுதாகி, 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டியது. போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் அதன் துருவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது இரும்புக்கு வெட்டப்பட்டது. எந்தக் கரையில் எது நடந்து முடிந்த பிறகு அந்தப் படங்கள் எடுக்கப்பட்டன என்பதை நினைக்கும்போது, கேளிக்கைத் தளம் என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்த இந்த ஆய்வு மறுக்கிறது. மேலே போகலாம்.

கடலில் நடந்ததை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். 1891 ஜனவரியில் அல்பர்ட் பாலின் என்ற ஜெர்மன் கப்பல் நிறுவனத்தார், குளிர்காலத்தில் அத்திலாந்திக்கைக் கடக்க ஆள் கிடைக்காமல் சும்மா நின்ற ‘ஒகுஸ்டா விக்டோரியா’வை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணம் அனுப்பினார். ஓட்டமில்லாத பஸ்ஸைக் கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிற அதே மூளை. அன்று தொடங்கிய வேலை, கரையில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கப்பலுக்குள் இழுத்துக்கொள்வதுதான். 1999 இல் ‘வொயேஜர் ஒஃப் த சீஸ்’ கப்பலில் பனிச்சறுக்குத் தளம் வந்தது. 2009 இல் ‘ஒயாசிஸ் ஒஃப் த சீஸ்’ உள்ளே ஒரு பூங்காவையே நட்டது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட ‘ஐகன் ஒஃப் த சீஸ்’ 20 தட்டு, 7 நீச்சல் தடாகம், 6 நீர்ச்சறுக்கல் என்று வளர்ந்து நிற்கிறது. கடலைப் பார்க்கப் போன மனிதனுக்குக் கடலைத் தவிர எல்லாவற்றையும் காட்டுகிறார்கள்.

வன்னிக்கு மிக அருகில் வந்த உல்லாசக் கப்பல் ‘எம்பிரஸ்’. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பி, 16 ஆம் திகதி காங்கேசன்துறையில் நின்றது. அதன் வாழ்க்கை வரலாறு இந்தத் துறையில் தவிர்க்க முடியாத சான்று. 1990 இல் பிரான்சின் சென் நசேரில் கட்டப்பட்டபோது அது ‘நோர்டிக் எம்பிரஸ்’. பிறகு ‘எம்பிரஸ் ஒஃப் த சீஸ்’. 2008 இல் ஸ்பானிய நிறுவனமொன்றுக்குக் கை மாறியது. 2016 இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. கடைசியில் இந்தியாவின் கோர்டேலியா நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. அமெரிக்கர் ஆடிய மேடையில் ஸ்பானியர் ஆடினார்கள், இப்போது ஹிந்திப் பாட்டுக்கு ஆட்டம் நடக்கிறது. சமையலறையில் சமணருக்குத் தனிச் சாப்பாடு. சூதாட்டக்கூடம் மட்டும் எந்தக் கொடியின் கீழும் இருந்துகொண்டே வருகிறது. இதே விதி ஏ-9 இலும் உண்டு. பஸ் எத்தனை கை மாறினாலும் சாரதியின் தலைக்கு மேல் மின்னும் சாமிப்படம் மாறாது.

ஏ-9 கப்பல்களின் முதற்காலத்தை யன்னல் திறந்த காலம் எனலாம். 1958 இல் பஸ்களை அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்ததிலிருந்து இதைக் கணக்கிடுவது வழக்கம். சிவப்பு லேலண்ட் பஸ்ஸின் முன் சீற் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, இன்றும் அப்படித்தான். ஆனால் உண்மையான முதல் வகுப்பு அதுவல்ல, எஞ்சின் பெட்டி. அதன் மேல் குந்தியிருப்பவருக்குக் கீழே சூடு, முன்னால் முழு வீதி, பக்கத்தில் சாரதியின் பேச்சு. பெரிய கப்பல்களில் கப்பித்தானோடு ஒரே மேசையில் சாப்பிடுவதற்கு அடித்துக்கொள்வார்களாமே, அதற்கு நிகர் இது. மிதிபலகையில் தொங்குபவருக்குக் கடற்காற்று இலவசம்.

1990 களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் புகையே ஒரு பயண அனுபவம். மின்சாரம் கிடையாது, பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுபவர் களைத்தால் பாட்டும் இழுபடும். பயணி தன் கேளிக்கையைத் தானே சுற்றி எடுத்த ஒரே காலம் அதுதான்.

போரில் மூடிக் கிடந்த வீதி 2002 இல் திறந்தது. ஓமந்தையில் இறங்கி, பொதியைத் திறந்து காட்டி, நடந்து, பிறகு புளியங்குளத்தில் இன்னொரு தரம் இறங்கி, விண்ணப்பம் நிரப்பி, முகமாலையில் மறுபடி. உல்லாசக் கப்பல்கள் இதைக் கரைச் சுற்றுலா என்று சொல்லித் தனிக் கட்டணம் வாங்கும். 2006 ஓகஸ்ட்டில் வீதி மூடப்பட்டது.

வீதி மீண்டும் முழுமையாகத் திறந்த பிறகு ரீவி பொருத்திய பஸ்கள் பெருகின. இங்கேதான் இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இருக்கிறது. தமிழ்ப் படம் இரண்டரை மணித்தியாலம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை. சாரதி வவுனியாவில் படத்தைப் போட்டால், மாங்குளத்தில் கதாநாயகி வந்திருப்பாள், முறிகண்டியில் வில்லன் வந்திருப்பான், கிளிநொச்சியில் இறங்க வேண்டியவர் பொதியைத் தூக்கிக்கொண்டு படியில் நின்று ஒரு சண்டையையாவது பார்த்து முடிக்கப் பார்ப்பார். ‘இறங்கிறாக்கள் இறங்குங்கோ’ என்று நடத்துனர் கத்துவார். இப்படி வவுனியாவுக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தவர்களிடையே முதற்பாதி மட்டும் தெரிந்த ஒரு கூட்டம் உருவாயிற்று. கிளிநொச்சியில் ஏறி யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இரண்டாம் பாதி மட்டும் தெரியும். ஒரு வீட்டில் இரு சாராரும் கல்யாணம் செய்துகொண்டால் முழுப் படமும் தெரிந்த பிள்ளைகள் பிறக்கும் என்று எதிர்பார்க்க நியாயமுண்டு.

பாட்டு வேறு பிரச்சினை. ‘தம்பி, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையப்பு’ என்று நடுச்சீற் ஆச்சி கேட்பார். குறையும். பரந்தன் தாண்டினால் திரும்பக் கூடும். அரசும் இதில் தலையிட்டது. 2020 தொடக்கத்தில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் மஹிந்த அமரவீர, பஸ்களில் ஒலிக்கத் தகுந்த பாட்டுக்களைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கும் திட்டமொன்றை அறிவித்தார். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ நடவடிக்கையின் கீழ்ப் பொலிசார் பஸ்களில் மேலதிகமாகப் பூட்டிய விளக்குகளையும் ஹோர்ன்களையும் அலங்காரங்களையும் கழற்ற வைத்தார்கள், உரிமையாளர்கள் கொதித்தார்கள். மயாமியில் கப்பல் அலங்காரத்தைக் கம்பனி தீர்மானிக்கும். இங்கே அதற்கும் பொலிஸ் வேண்டியிருக்கிறது.

உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படும் தனியார் தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோயல் கரீபியன் 1986 முதல் ஹெய்ட்டியின் லபடியில் தன் பயணிகளுக்கென்றே ஒரு கடற்கரையை வளைத்து வைத்தது. இறங்கினாலும் நம் கடையில்தான் செலவு என்பது ஏற்பாடு. ஏ-9 இல் இது நெடுங்காலமாக உண்டு. இரவு பஸ் ஒரு குறிப்பிட்ட சாப்பாட்டுக் கடையில் மட்டும் நிற்கும். சாரதிக்கும் நடத்துனருக்கும் உள்ளே தனி மேசை, தனிக் கோழி, பில் கிடையாது. வெளியே பயணி குளிர்ந்த றோல்ஸைக் கடித்துக்கொண்டு விலைப்பட்டியலைத் தேடுவார். கடையின் பெயரைச் சொல்வது ஆய்வு நெறிக்குப் புறம்பு. அடுத்த பஸ்ஸிலும் ஏற வேண்டியிருக்கிறது.

இத்தனை மாற்றத்துக்கும் அசையாத துறைமுகம் ஒன்றுண்டு: முறிகண்டிப் பிள்ளையார். கிளிநொச்சிக்குத் தெற்கே வீதியோரத்தில் இருக்கும் அவரைக் கும்பிடாமல் ஏ-9 இல் வாகனம் தாண்டுவது அபூர்வம். கர்ப்பூரம், தேங்காய், உண்டியலில் சில்லறை. எந்தச் சாதி மதத்துச் சாரதியானாலும் இங்கே வேகம் தணியும். கோயிலைச் சுற்றிக் கச்சான் கடைகள். தமிழ்நாட்டில் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வதை இங்கே கச்சான் என்பார்கள். கிழக்குக் கரையில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றுக்கும் அதே பெயர். காற்றிலிருந்து கடலைக்குப் பெயர் வந்ததா என்று விவாதிக்கலாம். கச்சானை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு கோதை ஊதுகிற ஒவ்வொருவரும் இரண்டையும் தம்மை அறியாமல் இணைக்கிறார்கள்.

கச்சான் கேளிக்கை, சாப்பாடு, இலக்கியம் மூன்றும் சேர்ந்த பண்டமாயிருந்தது. மணலில் வறுத்த கச்சானைப் பேப்பர்ச் சரையில் சுற்றிக் கொடுப்பார்கள். தின்று முடிந்ததும் சரையை விரித்து வாசிப்பது மரபு. பழைய பேப்பரில் பாதி மரண அறிவித்தல், யாரோ பிள்ளை ஐம்பதுக்குப் பதினெட்டு எடுத்த கணக்குத் தாள், சோதிடம். பெரிய உல்லாசக் கப்பல்கள் பல இப்போது நூலகத்தைச் சுருக்கி விற்பனைக்கூடம் வைக்கின்றன. ‘குயின் மேரி 2’ போன்ற ஒரு சிலவே புத்தக அலுமாரியைக் காப்பாற்றுகின்றன. ஏ-9 இல் நூலகத்தை மூடியது பொலித்தீன் பை. அதில் வாசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் பொலித்தீனை விடப் பெரிய மாற்றம் கண்ணாடிதான். குளிரூட்டிய பஸ் வந்ததும் யன்னல் மூடிக்கொண்டது. அதுவரை ஒவ்வொரு தரிப்பிலும் கரை யன்னல் வழியே ஏறிவந்தது: அவிச்ச சோளன், வடை, இளநீர், இரண்டு நிமிடம் ஏறிப் பாடிவிட்டு இறங்குகிற கண் தெரியாதவர். கடலிலே கப்பல் கரையை விழுங்கிக் கொழுத்தது. இங்கே கப்பல் வாயை மூடிக்கொண்டது. ரீவியும் மெல்ல அணைந்து, நாற்பது சீற்றில் நாற்பது கைபேசி, நாற்பது படம். எல்லாமே முழுப் படம். யாருடைய பாட்டைக் குறைக்கச் சொல்லி ஆச்சி கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை.

முறிகண்டியில் நேரம் பிந்தி வந்த பஸ் ஒன்று இரண்டு நிமிடம்தான் நின்றது. கதவு திறக்கவில்லை. கச்சான்காரர் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே இருந்தவர் விரலால் ‘இரண்டு’ என்று காட்டினார். இருவரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் முழுவதிலும் திறக்கக்கூடியது சாரதியின் யன்னல் ஒன்றே. கச்சான்காரர் சுற்றிப்போய் அதில் நீட்டினார். சாரதி ஒரு கையால் உண்டியலுக்குக் காசைக் கொடுத்து, மறுகையால் கச்சானை வாங்கிப் பின்னுக்குத் தள்ளினார். அங்கிருந்து அது கைக்குக் கை நகர்ந்தது: ஐயர், பள்ளிக்கூட ரீச்சர், இரண்டு பொடியள், தூக்கத்திலிருந்து எழும்பிய ஆச்சி. காசு அதே கைகள் வழியே முன்னுக்கு வந்தது. பஸ் கிளம்பிவிட்டது. பை கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது அவிழ்ந்திருந்தது. ஐந்தாம் வரிசையில் யாரோ கோதை ஊதிக்கொண்டிருந்தார்.